ரிட்டர்ன் கிஃப்ட் பை, பட்ஜெட் 3000, அவசரம்!!

ஆதிரைஅம்மா | செவ்வாய், இரவு 10:42
வணக்கம். சனிக்கிழமை பாப்பாவுக்குப் பிறந்தநாள். ரிட்டர்ன் கிஃப்ட் பை போட வேண்டும். பட்ஜெட் 3000. உள்ளே என்னென்ன வைக்கலாம்? போன வருஷம் ஆன்லைனில் வாங்கிய பென்சில் பாக்ஸில் பாதிக்கு மூடியே மூடவில்லை, மானம் போனது. இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. நாளைக்குக் கடைக்குப் போகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

பாரிமுனை_பாலு | செவ்வாய், இரவு 10:51
யோசிக்கவே வேண்டாம், பாரிமுனை. ஃபேன்சி சாமானுக்குக் காசி செட்டி தெரு, நோட்டு, பேப்பர் பைக்கு ஆண்டர்சன் தெரு. வண்டி எடுத்துப் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. மெட்ரோவில் ஹைகோர்ட் நிலையத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். பதினொரு மணிக்குள் போனால் கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுவார். "அண்ணே, ரெண்டு டஜன் என்ன விலை" என்று ஆரம்பியுங்கள். ஒன்று என்ன விலை என்று கேட்டீர்களோ, நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 10:58
3000 ஒரு பைக்கா, மொத்தத்துக்கா? எத்தனை பிள்ளைகள்? என்ன வயசு? பை, டாஃபி எல்லாம் இதற்குள்தானா? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குருட்டுக் கணக்குதான்.

நூலகவாசி | செவ்வாய், இரவு 11:04
புத்தகம். வேறு எதுவுமே வேண்டாம். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை, பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' வரிசை, இரண்டிலும் குறைந்த விலையில் நல்ல புத்தகங்கள் உண்டு. விளையாட்டுச் சாமான் அன்று ராத்திரியே உடையும். புத்தகத்தைக் கிழித்தாலும் அதில் ஒரு பக்கம் படித்திருப்பான்.

விதைப்பந்து | செவ்வாய், இரவு 11:10
செடி கொடுங்கள் அக்கா. சின்னத் தொட்டியில் துளசி, இல்லையென்றால் கற்பூரவல்லி. ஒரு தண்டைக் கிள்ளி நட்டால் போதும், கற்பூரவல்லி தானாகப் பிடித்துக்கொள்ளும், செலவே இல்லை. பைக்கு மஞ்சப்பை.

தணிகை (பழைய உறுப்பினர்) | செவ்வாய், இரவு 11:32
இந்தக் கேள்வி மாதத்துக்கு இரண்டு தடவை இங்கே வருகிறது. மேலே தேடல் பெட்டி ஒன்று இருக்கிறது, அழகுக்காக வைத்ததில்லை. வயதும் எண்ணிக்கையும் ஊரும் சொல்லாமல் 'அவசரம்' போட்டு இரண்டு ஆச்சரியக்குறி வேறு. டாக்டரிடம் போய் "வலிக்கிறது, மருந்து கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வலிக்கிற இடத்தை மறைக்கிற மாதிரி இருக்கிறது.

செல்வி_கோவை | செவ்வாய், இரவு 11:40
தணிகை சார், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு அரைத் தூக்கத்தில் எழுதியிருப்பார். விடுங்கள்.
ஆதிரைஅம்மா, என் பையனுக்கு நான்-வோவன் பையில் பெயர் அடித்துக் கொடுத்தேன், துணி மாதிரி நன்றாக இருந்தது, ஒரு பை பத்து ரூபாய்க்குள் முடிந்தது.

விதைப்பந்து | செவ்வாய், இரவு 11:47
செல்வி அக்கா, அது துணி மாதிரிதான் இருக்கும், துணி கிடையாது. பாலிபுரொப்பிலீன், பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த சாமான்களில் நான்-வோவன் பையும் ஒன்று.

ஆதிரைஅம்மா | புதன், காலை 6:20
சாரி, தூங்கிவிட்டேன். மொத்தத்துக்கும் 3000. பாப்பாவுக்கு 5 முடிகிறது. ஸ்கூல் பிள்ளைகளும் அபார்ட்மெண்ட் பிள்ளைகளும். பாலு அண்ணா, நாங்கள் திருச்சி.

பாரிமுனை_பாலு | புதன், காலை 6:41
திருச்சியா! முதலிலேயே சொல்லக் கூடாதா? சரி, பஸ் செலவு மிச்சம்.

கணக்குப்பிள்ளை | புதன், காலை 6:45
எத்தனை பேர் என்பது இன்னும் வரவில்லை.

ஆதிரைஅம்மா | புதன், காலை 7:15
வகுப்பில் 32. அபார்ட்மெண்டில் 18. அக்கா, தம்பி பிள்ளைகள் 4. டிபன் கட்டணும், அப்புறம் வருகிறேன்.

கணக்குப்பிள்ளை | புதன், காலை 7:38
54. கூப்பிட்ட வீட்டில் கூப்பிடாத தம்பி ஒருத்தன் கூடவே வருவான், விருந்துக்கு வந்திருக்கும் சித்தி பையன் ஒருத்தன் வருவான். அவனை வெறும் கையோடு அனுப்ப முடியாது. ஆக 60 பை. 3000ஐ 60ஆல் வகுத்தால் தலைக்கு 50. அதில் பைக்கு 15, தின்பண்டத்துக்கு 10 போனால் கிஃப்டுக்கு நிற்பது 25 ரூபாய். 25 ரூபாயில் மூடி மூடாத பென்சில் பாக்ஸ்தான் வரும். போன வருஷம் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். கடைக்காரர் மேல் கோபப்பட்டுப் புண்ணியமில்லை.

என் கேள்வி வேறு. அந்த 32 பேருக்கு ஸ்கூலில் கொடுக்க அனுமதி உண்டா? என் மகள் பள்ளியில் டாஃபி தவிர எதுவும் கொண்டுவரக் கூடாது என்று டைரியிலேயே அச்சடித்திருக்கிறது. மூன்றாவது பக்கமோ நாலாவது பக்கமோ, யாரும் படிக்காத இடத்தில்.

சுந்தரம்65 | புதன், காலை 8:05
எங்கள் காலத்தில் பிறந்தநாள் என்றால் கோயிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் பாயசம், வகுப்பில் ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய். வந்தவனுக்குத் திருப்பிக் கொடுக்கிற இந்தப் பழக்கமே நம்முடையது அல்ல. அவன் கொண்டுவந்த கிஃப்டுக்குக் கூலியா இது?

செல்வி_கோவை | புதன், காலை 8:31
சுந்தரம் ஐயா, கல்யாண வீட்டில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுத் தாம்பூலப் பை கொடுக்கிறோமே, அது என்ன? கொலுவுக்கு வந்தவர்களுக்கு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுப்பது? வீட்டுக்கு வந்தவரை வெறும் கையோடு அனுப்பாதது நம் ஊர் வழக்கம்தான். பெயர் மட்டும்தான் இங்கிலீஷ்.

சுந்தரம்65 | புதன், காலை 8:50
தாம்பூலம் மங்கலப் பொருள். ஸ்பைடர்மேன் ஸ்டிக்கர் மங்கலப் பொருளா?

செல்வி_கோவை | புதன், காலை 8:58
ஐந்து வயசுப் பையனைக் கேட்டுப் பாருங்கள்.

விதைப்பந்து | புதன், காலை 9:10
அந்தத் தாம்பூலப் பையும் மஞ்சப்பைதானே! 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இதைக் கையில் எடுத்தது. கோயம்பேட்டில் மிஷினில் பத்து ரூபாய் போட்டால் ஒரு பை வரும்படி வைத்தார்கள். பிறந்தநாளுக்கு அதை விடப் பொருத்தமான பை எது?

செல்வி_கோவை | புதன், காலை 9:22
தம்பி, மஞ்சப்பையோடு ஊருக்குப் போனாலே "பட்டிக்காடு" என்று சிரித்த தலைமுறை நாங்கள். என் பையன் அதைத் தொடக்கூட மாட்டான்.

விதைப்பந்து | புதன், காலை 9:25
சிரித்தவர்கள்தான் இன்றைக்கு நான்-வோவன் பையில் பெயர் அடிக்கிறார்கள்.

செல்வி_கோவை | புதன், காலை 9:27
என்னைச் சொல்கிறீர்களா?

தணிகை (பழைய உறுப்பினர்) | புதன், காலை 10:15
இழை எங்கேயோ போகிறது. சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளவும்.
கேட்டவருக்கு: பென்சில், ஷார்ப்னர், ரப்பர், க்ரேயான், நோட்டு இவற்றுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. அதற்கு முன் அச்சடித்த விலை ஒட்டியிருந்தால் குறைத்துக் கேளுங்கள், பில் வாங்குங்கள். இதுவும் தேடினால் கிடைத்திருக்கும்.

தையல்மிஷின் | புதன், காலை 10:40
பைக்குக் காசே செலவழிக்க வேண்டாம். பழைய காட்டன் சேலை ஒன்று எடுங்கள். ஐந்தரை மீட்டர், அதாவது 216 அங்குலம் நீளம், அகலம் ஏறத்தாழ 45 அங்குலம். ஒரு சின்னப் பைக்கு 10 அங்குல அகலம், 26 அங்குல நீளம் போதும். நடுவில் மடித்து இரண்டு பக்கமும் தையல் ஓட்டி, வாயை மடித்தால் பை. அகலத்தில் நாலு, நீளத்தில் எட்டு, ஆக ஒரு சேலையில் 32 பை. சேலையின் முந்தானையைக் கைப்பிடிக்கு வெட்டிக்கொண்டால் நீளத்தில் ஒரு வரிசை குறையும், 28. எங்கள் தெருத் தையற்காரம்மா போன தீபாவளிக்குப் பை ஒன்றுக்கு 8 ரூபாய் வாங்கினார்.

தணிகை (பழைய உறுப்பினர்) | புதன், காலை 10:52
சனிக்கிழமை விழா. தையற்காரரிடம் புதன்கிழமை கொடுத்து வெள்ளிக்கிழமை வாங்கியவர் யாராவது இந்த உலகத்தில் உண்டா?

தையல்மிஷின் | புதன், காலை 10:55
😄 அதனால்தான் நான் மிஷின் வாங்கினேன்.

மருந்தாளுநர்_ராஜி | புதன், மதியம் 1:30
அபார்ட்மெண்ட் 18 பேருக்கும் ஐந்து வயதாகவா இருக்கும்? எங்கள் பிளாக்கில் தவழ்கிற குழந்தைக்கும் சேர்த்துத்தான் அழைப்பு. தயவுசெய்து இதை மட்டும் படியுங்கள். ஒளிரும் மோதிரம், மினுக்கும் பம்பரம் இவற்றுக்குள் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரிக்க ஆரம்பித்துவிடும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் கலர் ஜெல்லி மணி வேண்டாம், வயிற்றுக்குள் போனாலும் அது பெருக்கும். குட்டிக் காந்தம் வேண்டாம். பலூனைத் தனியாகப் பையில் போடாதீர்கள், கிழிந்த துண்டு தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். கடலைமிட்டாய் நல்லதுதான், ஆனால் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு முழுக் கடலை புரையேறும்.
வீட்டில் டாய்லெட் பேப்பர் உருளை இருந்தால் அதன் ஓட்டை வழியாக எது உள்ளே போகிறதோ, அது மூன்று வயதுக்குக் கீழே கூடாது. பொம்மை வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 ஜனவரி முதல் கட்டாயம்.

பாரிமுனை_பாலு | புதன், மதியம் 1:48
ஐ.எஸ்.ஐ. பார்த்து வாங்கினால் காசி செட்டி தெருவில் பாதிக் கடைக்குள் நுழையவே முடியாதே மேடம்.

மருந்தாளுநர்_ராஜி | புதன், மதியம் 1:50
அதைத்தான் சொல்கிறேன்.

முத்து_ஸ்ரீரங்கம் | புதன், மாலை 4:20
திருச்சி ஆள் நான். பென்சில், க்ரேயானுக்கு மலைக்கோட்டைப் பக்கம் போய் என்.எஸ்.பி. ரோடு, தெப்பக்குளம், சின்னக்கடை வீதி மூன்றையும் ஒரு சுற்று சுற்றுங்கள். மொத்தமாக எடுப்பதாகச் சொல்லி இரண்டு கடையிலாவது விலை கேளுங்கள். முக்கியமாக, கடையிலேயே ஒவ்வொரு பெட்டியையும் திறந்து மூடிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். விசில் மட்டும் வாங்காதீர்கள். போன வருஷம் ஒரு வீட்டில் 20 விசில் கொடுத்துவிட்டார்கள், மேல் வீட்டுத் தாத்தா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

கணக்குப்பிள்ளை | புதன், மாலை 5:05
ஆதிரைஅம்மா, டைரி பார்த்தீர்களா? ஸ்கூல் பிள்ளைகளைக் கழித்தால் கணக்கே மாறும். வகுப்புக்கு 40 டாஃபி, ஐந்து ரூபாய் என்றாலும் 200. மீதி 2800. 18 + 4 = 22, கூட 3, ஆக 25 பை. தலைக்கு 112. அதே 3000தான், ஒரு பைக்கு இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. பை 20, நூலகவாசி சொல்கிற புத்தகம் 40 ரூபாய்க்குள் பார்த்து ஒன்று, க்ரேயான் 30, மிட்டாய் 10. நூறு ஆகிறது. 12 ரூபாய் வீதம் கையிருப்பு.
இன்னொன்று, பெண் பிள்ளைக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று என்று பிரிக்காதீர்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால்தான் வாசலில் நின்று எடுத்துக் கொடுக்க முடியும். இல்லையென்றால் கடைசியில் வருகிறவனுக்கு ஹேர்பேண்ட் போகும்.

நூலகவாசி | புதன், மாலை 5:20
புத்தகம் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

விதைப்பந்து | புதன், மாலை 5:31
செடியை யாருமே எடுத்துக்கொள்ளவில்லை.

செல்வி_கோவை | புதன், மாலை 5:40
25 தொட்டியை லிஃப்டில் யார் தம்பி தூக்குவது?

விதைப்பந்து | வியாழன், காலை 7:02
செல்வி அக்கா, நேற்றுக் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன்.

செல்வி_கோவை | வியாழன், காலை 7:30
பரவாயில்லை. மீதி இருக்கிற நான்-வோவன் பையில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன், வீணாகவில்லை.

தணிகை (பழைய உறுப்பினர்) | வெள்ளி, இரவு 9:15
கேட்டவர் வழக்கம் போல ஆளைக் காணோம்.

ஆதிரைஅம்மா | ஞாயிறு, இரவு 9:48
சாரி, ஒரே அலைச்சல். டைரியில் 6ஆம் பக்கம் இருந்தது, டாஃபி மட்டும்தான். 25 பை போட்டேன். புத்தகம், 12 கலர் க்ரேயான், கடலைமிட்டாய். க்ரேயான் பெட்டி எல்லாம் திறந்து மூடிப் பார்த்துத்தான் எடுத்தேன், கடைக்காரர் முறைத்தார். பை என் மாமியார் சேலையில் தைத்தது. அம்மா வீட்டு மிஷினில் நானே தைத்தேன், நாலு பை கோணல். மொத்தம் 2740 ஆனது. வந்தது 27 பிள்ளைகள். இரண்டு பேருக்குப் பத்தவில்லை, பாப்பாவின் சொந்தக் க்ரேயானையும் ஒரு டெய்ரி மில்க்கையும் எடுத்துக் கொடுத்தோம், ஒரே அழுகை. எல்லோருக்கும் நன்றி.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 10:01
27! நான் மூன்றுதான் கூட்டினேன். ஐந்து கூட்டியிருக்க வேண்டும். பாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தையல்மிஷின் | ஞாயிறு, இரவு 10:12
கோணல் பைதான் கைத்தையல் அழகு. மாமியார் என்ன சொன்னார்?

மருந்தாளுநர்_ராஜி | திங்கள், காலை 8:20
நல்லது. சின்னக் குழந்தைகள் பையிலும் கடலைமிட்டாயா போட்டீர்கள்?

மருந்தாளுநர்_ராஜி | வியாழன், காலை 8:05
ஆதிரைஅம்மா?