எரிமலைச் சாம்பலைக் காந்தம் வைத்துத் தேடியவர்கள் உண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

புனேயிலிருந்து ஒருவர்:
குக்டி ஆற்றங்கரையில் போரி என்று ஓர் ஊர். கரைச் சரிவில் வெளிர்நிறச் சாம்பல் அடுக்கு கண்ணுக்கே தெரியும். காந்த ஏற்புத்திறன் மீட்டரின் (ஒரு பொருள் எவ்வளவு காந்தமாகும் என்று எண்ணில் காட்டும் கருவி) முனையை மண்சுவரில் மேலிருந்து கீழாக ஒற்றிக்கொண்டே வந்தோம். சாம்பல் வந்ததும் எண் எகிறும் என்று கூட வந்த பிள்ளைகள் காத்திருந்தார்கள். தொபுக்கென்று விழுந்தது! யோசித்தால் அதுதான் முறை. அந்த வட்டாரம் முழுக்கத் தக்காண பசால்ட், அதாவது உறைந்த எரிமலைக் குழம்புப் பாறை. அது தேய்ந்து வந்த ஆற்று மண்ணில் மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமம் மண்டிக் கிடக்கிறது. சுமத்ராவின் தோபா எரிமலையிலிருந்து பறந்து வந்த சாம்பலோ பெரும்பாலும் கண்ணாடித் துகள், இரும்பு சொற்பம். தோபாவின் எந்த வெடிப்பு என்பதில்தான் அடிதடி. 74,000 ஆண்டு என்பவர்கள் உண்டு, 6.7 லட்சம் என்பவர்கள் உண்டு, 14 லட்சம் வரை போனவர்களும் உண்டு. அந்தச் சண்டையை மீட்டர் தீர்க்காது.

ஜெர்மனியிலிருந்து:
அண்ணா, எனக்கு அப்படியே தலைகீழ். ஐஃபெல் பகுதியில் பழைய எரிமலைவாய் ஏரி ஒன்று. அடியில் குழாய் இறக்கி எடுத்த சேறு, இலைதழை மக்கியது, காந்தக் கனிமம் குறைவு. வளையச் சென்சாருக்குள் தள்ளத் தள்ள மீட்டர் காட்டும் கோடு தரையோடு ஓடி, ஓரிடத்தில் ஊசிபோல் நிமிர்ந்தது. சுமார் 13,000 ஆண்டுக்கு முன் வெடித்த லாகர் ஸே எரிமலையின் சாம்பல். ஆனால் வெள்ளம் கொண்டுவந்த மணலும் இதே ஊசியைக் காட்டும். நுண்ணோக்கியில் பார்க்காமல் நம்பக் கூடாது.

ஆய்வகத்திலிருந்து:
சூடாக்கிப் பார்ப்பது என் வேலை. சுத்தமான மேக்னடைட் சுமார் 580 டிகிரி செல்சியஸில் காந்தத்தன்மையை இழக்கும். டைட்டானியம் கூடக் கூட அந்த வெப்பநிலை இறங்கும். வெடிப்புக்கு வெடிப்பு மாக்மா (உருகிய பாறைக் குழம்பு) மாறினால் இதுவும் மாறும், அதனால் இரண்டு சாம்பலைப் பிரித்துப் பார்க்க நல்ல துப்பு. காற்றுப் படாமல் ஆர்கான் வாயுவில் சூடாக்கினாலும் ஒரு வில்லங்கம் உண்டு: களிமண் கலந்திருந்தால் உலையிலேயே புது மேக்னடைட் உருவாகி, குளிரும்போது வரும் காந்த ஏற்புத்திறன் கோடு மேலே ஏறிவிடும். அப்போது சூடேறும் கோட்டை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன். கடைசியில் கண்ணாடித் துகளின் வேதியியலும் பொருந்தினால்தான் எந்த எரிமலை என்று எழுதுவேன்.

அப்புறம், தோபா சாம்பல் தேடி ஆந்திராவின் ஜ்வாலாபுரம் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே அடியில் சில சென்டிமீட்டர்தான் வானிலிருந்து நேரே விழுந்த சாம்பல். மேலே இரண்டு மீட்டருக்கும் அதிகமாக இருப்பது தண்ணீர் அடித்து வந்து சேர்த்தது, உள்ளூர் மண்ணும் கலந்திருக்கும். இரண்டையும் ஒரே பையில் போட்டு அனுப்பாதீர்கள்.