இலவச மாத்திரைக்கு ஆகும் செலவு

ஊத்தங்கரையிலிருந்து:

அரசு மருத்துவமனையில் ரத்தக் கொதிப்பு மாத்திரைக்குக் காசு இல்லை. இப்போது டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. ஆனாலும் என் அத்தைக்கு அந்த மாத்திரையின் விலை ஒரு நாள் கூலி. காலையில் கிளம்பி, சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று வெளியே வருவதற்குள் உச்சி சாய்ந்துவிடும். மாங்காய் பறிக்கும் பருவத்தில் யார் போவார்கள்? மாத்திரை தீர்ந்தால் தீர்ந்ததுதான். தலை சுற்றினால் எலுமிச்சைச் சாறு.

2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைத்தார்கள். இப்போது பக்கத்து ஊர்ப் பெண் ஒருவர் தன்னார்வலராக வீட்டுக்கே வருகிறார். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். அவர் தலை தெரிந்தாலே அத்தை ஊறுகாய்ச் சாடியை ஒளித்துவைக்கிறார். டாக்டர் முன்னால் வாய் திறக்காத மனுஷி, இவரிடம் மருமகள் மேல் உள்ள குறை வரை கொட்டுகிறார். உங்கள் பக்கம் எப்படி?

அரூரிலிருந்து:

எங்களுக்குச் சிட்லிங்கியில் உறவு உண்டு. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையில் கிடக்கும் பள்ளத்தாக்கு அது. மலையாளி என்ற பெயருள்ள மலைவாழ் பழங்குடியினரும் லம்பாடிகளும் இருக்கும் பகுதி. பிரசவம் சிக்கலானால் அந்தக் காலத்தில் அரூருக்கோ சேலத்துக்கோ போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

1993இல் ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே வந்து ஒரு குடிசையில் வைத்தியத்தைத் தொடங்கினார்கள். அப்போது பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை என்பது அவர்களுடைய கணக்கு. நல்ல டாக்டர்கள் எங்கும் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். இவர்கள் போகவில்லை என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. உள்ளூர்ப் பெண்களையே நர்ஸ் வேலைக்குப் பழக்கினார்கள். ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்ப்பதற்கு அந்தந்த ஊர்ப் பெண்களையே தயார் செய்தார்கள். தன் வீட்டு வாசலில் வளர்ந்த பெண் ஊசி போட்டால் யாருக்குப் பயம் வரும்?

என் சித்தி மகளுக்கு அங்கேதான் பிரசவம். நான் அறை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஒரு நர்ஸ் வெளியே வந்து, “அண்ணா, நீங்கள் நடந்தால் அவளுக்கு வலி குறையுமா? போய் டீ குடித்துவிட்டு வாருங்கள்” என்றார். வயதில் என் தங்கையைவிடச் சின்னவர். போய்விட்டு வந்தேன். கட்டணம் வாங்கினார்கள், ஆனால் எங்களால் கட்டக்கூடிய தொகை. நகையை அடகு வைக்கும் நிலை வரவில்லை.

பிற்பாடு அதே குழுவின் முயற்சியில் இயற்கை விவசாயிகள் சங்கமும் வந்தது. ஆஸ்பத்திரிக்கு இதெல்லாம் எதற்கு என்று அப்போது என் மாமா கேட்டார். கடனில் மூழ்கியவன் வாங்கிச் சாப்பிடும் சோற்றில் என்ன சத்து இருக்கும் என்று அவருக்கு அவர் மனைவியே பதில் சொன்னார்.

பென்னாகரத்திலிருந்து:

மாத்திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் நோய் கிணற்றில் இருந்தது. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது. எங்கள் தருமபுரி மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீர் அந்த எல்லையைத் தாண்டியது. பிள்ளைகளின் பல் பழுப்பேறும், பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகும். வலி மாத்திரையாகத் தின்று தீர்த்தவர்கள் எத்தனை பேர்! 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அதுவும் குழாய் நின்றுபோனால் மறுபடி போர்வெல் தண்ணீர்தான். எங்கள் தெருவில் இப்போதும் அதுதான் நடக்கிறது.

ஊத்தங்கரையிலிருந்து மீண்டும்:

அண்ணா, உண்மைதான். எங்கள் பக்கம் நடமாடும் மருத்துவ வண்டி வருகிறது. வருவது நண்பகலில். அப்போது ஊரில் கிழவிகளும் நாய்களும்தான் இருக்கிறார்கள். சாயங்காலம் வந்தால் வேலைக்குப் போனவர்களும் பார்த்துக்கொள்வார்கள்.

அஞ்செட்டியிலிருந்து:

சாயங்காலம் உங்களுக்குச் சரி. எங்கள் காட்டுப் பாதையில் பொழுது சாய்ந்தால் யானை இறங்கும். நர்ஸ் அம்மாவை யார் திரும்பக் கொண்டுபோய் விடுவது? நாங்கள் கேட்பது, சந்தை நாளில் வண்டியைச் சந்தைத் திடலிலேயே நிறுத்துங்கள் என்பதுதான். அன்று எப்படியும் மலையிலிருந்து எல்லோரும் இறங்குவார்கள், தனியாகக் கூலி போகாது. மனு கொடுத்திருக்கிறோம். மேலே அனுப்பியிருப்பதாகச் சொல்கிறார்கள்.