ஆக்சிடெண்ட் ரிப்பேர் முடிந்து வந்த ஸ்விஃப்ட்: 85ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் உதறுகிறது, என்ன பார்க்கலாம்?

எலக்ட்ரானிக் சிட்டி வாசி:

பெங்களூரு மக்களே, ஒரு உதவி. வண்டி ஸ்விஃப்ட் பெட்ரோல், மேனுவல் கியர், 185/65 R15 டயர், வெளியில் வாங்கிப் போட்ட அலாய். போன மாதம் பொம்மனஹள்ளி பக்கம் ஒரு ஆட்டோ சடாரென்று குறுக்கே வர, இடது பக்கம் ஒடித்ததில் முன் சக்கரம் நடைபாதைக் கல்லில் நேராகப் போய் மோதிவிட்டது. பம்பர், ஃபெண்டர், ஹெட்லைட் எல்லாம் காலி. சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மும், மேலே தாங்கும் ஸ்ட்ரட்டும் (ஷாக் அப்சார்பர்) புதிது போட்டார்கள். விரிசல் விட்ட அலாய்க்குப் பதிலாக அதே டிசைனில் ஒன்றை ஜே.சி.ரோட்டில் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தேன். இன்சூரன்ஸ் கேஷ்லெஸ், பம்பர் டு பம்பர் பாலிசி.

பெயின்ட் வேலை எல்லாம் அருமை, குறை சொல்ல முடியாது. ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியவில்லை (சில்க் போர்டு டிராஃபிக்கில் எந்த வண்டிதான் உதறும்?). அத்திப்பள்ளி டோல் தாண்டி 85ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் படபடவென்று உதற ஆரம்பிக்கிறது, 95ல் உச்சம், 110 பக்கம் போனால் அடங்குகிறது. பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரே மாதிரிதான். ஒர்க்ஷாப்பில் போய்ச் சொன்னால் ஒவ்வொரு முறையும் அலைன்மென்ட் போட்டு, எல்லாம் பச்சையில் இருக்கும் ஒரு பிரிண்ட் அவுட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். இப்போது கடைசியாக "நாலு டயரையும் மாத்திடுங்க சார், சரியாயிடும்" என்கிறார்கள். டயர் பாதிகூடத் தேயவில்லை. பொங்கலுக்குக் குடும்பத்தோடு சேலம் போக வேண்டும், இந்த நிலைமையில் எடுத்துக்கொண்டு போக மனசே வரவில்லை.

ஹலசூர் பையன்:

டயருக்குக் காசு கொடுக்காதீங்க ப்ரோ. முதலில் அந்தப் புது அலாயைப் பின்னால் போட்டு, பின் சக்கரத்தை முன்னால் கொண்டுவந்து ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள். உதறல் ஸ்டீயரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் குற்றவாளி அந்தச் சக்கரம்தான். செலவே இல்லாத டெஸ்ட்.

டயல் கேஜ்:

மேலே தம்பி சொன்னதை முதலில் செய்யுங்கள். அதற்கும் முன்னால் ஒன்று: வண்டியைத் தூக்கி முன் இடது சக்கரத்தின் நட், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் மூன்றிலும் ஆட்டம் இருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மோதிய வண்டியில் இதைப் பார்க்காமல் 100ல் போய் டெஸ்ட் எடுப்பது ஆபத்து.

அலைன்மென்ட் தப்பாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். இப்படிக் குறிப்பிட்ட வேகத்தில் வந்து குறிப்பிட்ட வேகத்தில் போகும் உதறலுக்குக் காரணம் சுற்றுகிற ஏதோ ஒரு பொருள். அது எது என்று கண்டுபிடிக்க, உதறல் எதைப் பின்தொடர்கிறது என்று பார்த்தால் போதும். காலியான நேர் ரோட்டில் 95ல் கிளட்ச்சை மிதியுங்கள், இன்ஜினை மட்டும் ஆஃப் பண்ணிவிடாதீர்கள். ஆர்பிஎம் ஐடிலுக்கு இறங்கிய பிறகும் உதறல் அப்படியே இருந்தால் இன்ஜின், மவுண்ட், கிளட்ச் எல்லாவற்றையும் மறந்துவிடலாம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட். பிரேக் பிடித்தால் மட்டும் வந்தால் டிஸ்க். நீங்கள் சொல்வது இந்த இரண்டும் இல்லை போலத் தெரிகிறது.

போனில் அதிர்வு அளக்கும் இலவச ஆப் நிறைய இருக்கின்றன, பக்கத்தில் உட்காருபவர் போனை டேஷ்போர்டில் அழுத்திப் பிடிக்கட்டும். உங்கள் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர், 95 கி.மீ. என்றால் நொடிக்கு 26.4 மீட்டர், அதாவது சக்கரம் நொடிக்கு 13.5 சுற்று. ஆப்பில் 13, 14 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கோடு எகிறி நின்றால் சக்கரமோ அதோடு சேர்ந்து சுற்றும் ஹப் (சக்கரத்தை நட் போட்டு இறுக்கும் நடுப்பாகம்), டிஸ்க்கோதான். 40 பக்கம் வந்தால் அந்த உள்பக்க ஜாயின்ட்டைச் சந்தேகப்படலாம், அதில் மூன்று ரோலர் இருப்பதால் ஒரு சுற்றுக்கு மூன்று உதறல். முன் சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் தாமாகவே ஆடக்கூடிய வேகம் 10லிருந்து 15 ஹெர்ட்ஸுக்குள் வரும். அதனால்தான் 95ல் உச்சம், 110ல் அடங்குகிறது. அடங்கியது என்பதால் கோளாறு போய்விட்டது என்று அர்த்தமில்லை.

ஊருக்குள் தெரியாததற்கும் காரணம் உண்டு. ரிம்மில் 20 கிராம் பேலன்ஸ் குறைந்தால் 100 கி.மீ. வேகத்தில் அது சுமார் மூன்று கிலோ எடையாகச் சக்கரத்தை இழுக்கும், 50ல் அதில் கால் பங்குதான்.

இனி முக்கியமான விஷயம். பேலன்சிங் மெஷின் சக்கரத்தைத் தன்னுடைய ஷாஃப்ட்டில் மாட்டித்தான் பார்க்கிறது, உங்கள் வண்டியின் ஹப்பில் மாட்டிப் பார்ப்பதில்லை. டயரும் ரிம்மும் கோணாமல் இருந்து, மெஷினில் ஜீரோ காட்டிய சக்கரம் வண்டியில் உதறினால் அது உட்காரும் இடத்தில் தப்பு. ஸ்விஃப்ட் ஹப்பின் நடுப்பகுதி 54.1 மி.மீ. வெளி அலாய்களில் நடு ஓட்டை இதைவிடப் பெரிதாக இருக்கும், பல வண்டிகளுக்குப் பொருந்தட்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் அல்லது அலுமினிய ரிங் வேண்டும். ஜே.சி.ரோட்டில் வாங்கிய ஒற்றை அலாயோடு ரிங் வந்ததா? இல்லை என்றால் சக்கரம் நட்டை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கிறது, அரை மில்லி தள்ளி உட்கார்ந்தாலும் உதறும். இன்னொன்று, பெயின்ட் பூத்துக்குள் போய்வந்த வண்டி, ஹப்பில் சக்கரம் படியும் முகத்தில் பெயின்ட்டோ அண்டர் கோட்டிங்கோ தெறித்திருந்தால் அதையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

ரிங் இருந்தும் தீரவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தில் டயல் கேஜ் (சுற்றும்போது எவ்வளவு கோணலாக ஆடுகிறது என்று முள்ளில் காட்டும் கருவி) வைக்கச் சொல்லுங்கள். 0.05 மி.மீ. தாண்டினாலே நான் சந்தேகப்படுவேன். ஹப் முகத்தில் 0.1 என்றால் ரிம் ஓரத்தில் அது மூன்று மடங்காகத் தெரியும்.

ராமமூர்த்தி நகர்காரன்:

டயல் கேஜ் அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் அலைன்மென்ட் தாளை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். பச்சைக் கலரைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் எண்களைப் பாருங்கள். எஸ்.ஏ.ஐ. (ஸ்டீயரிங் திரும்பும் அச்சு உள்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்) என்று ஒரு வரி இருக்கும், பல கடைகளில் சோம்பேறித்தனத்தில் அதை எடுக்கவே மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். அது இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்து கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) மட்டும் இடது பக்கம் மாறியிருந்தால் நக்கிள் (ஹப்பைத் தாங்கி, ஸ்ட்ரட்டையும் லோயர் ஆர்மையும் இணைக்கும் பாகம்) அல்லது ஸ்ட்ரட் வளைந்திருக்கிறது. எஸ்.ஏ.ஐ., கேம்பர் இரண்டுமே மாறி, இரண்டையும் கூட்டினால் இரு பக்கமும் சமமாக வருகிறதென்றால் ஸ்ட்ரட் உட்காரும் டவரோ கீழே சப் ஃபிரேமோ நகர்ந்திருக்கிறது, அது டிங்கரிங் வேலை. உங்களுக்கு ஸ்ட்ரட் புதிது. லோயர் ஆர்ம் வளையும் அளவு அடி வாங்கிய வண்டியில் நடுவில் இருக்கும் நக்கிள் மட்டும் தப்பித்தது என்பதை நான் அவ்வளவு சுலபமாக நம்பமாட்டேன்.

ஜெயநகர் அக்கா:

இன்சூரன்ஸ் பக்கம் மட்டும் சொல்கிறேன். முதல் சர்வேயில் கண்ணுக்குத் தெரியாத டேமேஜ் பிறகு வெளிப்பட்டால் அதே க்ளெய்மிலேயே அடிஷனல் எஸ்டிமேட் போடலாம், சர்வேயர் திரும்ப வந்து பார்ப்பார். வேலை திருப்தி என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டிருப்பார்களே, போட்டுவிட்டீர்களா? போட்டிருந்தாலும் பரவாயில்லை, உதறலைப் பற்றி இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒர்க்ஷாப்புக்கும் இன்றைக்கே ஒரே மெயில் அனுப்புங்கள், போனில் பேசியதற்கெல்லாம் சாட்சி கிடையாது. வெளி அலாயை பாலிசியில் சேர்க்காமல் இருந்தால் அதற்குக் காசு வராது, ஹப், நக்கிள் எல்லாம் வண்டியோடு வந்த பார்ட்ஸ் என்பதால் கேட்கலாம். ஒர்க்ஷாப் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அங்கே தமிழிலும் பேசலாம்.

எலக்ட்ரானிக் சிட்டி வாசி:

எல்லோருக்கும் நன்றி. கையெழுத்து இன்னும் போடவில்லை அக்கா, மெயில் அனுப்பிவிட்டேன். பொம்மசந்திராவில் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டு போனேன், நம் தர்மபுரிக்காரர். நட், ஜாயின்ட்டில் ஆட்டம் இல்லை. கிளட்ச்சை மிதித்தாலும் உதறல் போகவில்லை, போனில் 13க்கும் 14க்கும் நடுவில் ஒரே ஒரு கோடு. புது அலாயைப் பின்னால் போட்டதும் சீட்டில் லேசாக அதிர்வு வந்தது, ஸ்டீயரிங் உதறல் குறைந்ததே தவிர நிற்கவில்லை, அப்போதே ஒன்றுக்கு மேல் கோளாறு என்று அவர் சொல்லிவிட்டார். கழற்றிப் பார்த்தால் மற்ற மூன்று அலாயிலும் கறுப்பு பிளாஸ்டிக் ரிங் இருக்கிறது, புதியதில் மட்டும் இல்லை! ரிங் வாங்கிப் போட்டதும் பின்னால் வந்த அதிர்வு சுத்தமாகப் போய்விட்டது. முன்னால் டிஸ்க்கைக் கழற்றி, துருவைத் தேய்த்துவிட்டு கேஜ் வைத்தார், வலது ஹப் 0.03, இடது 0.14. முள் போய்ப் போய் வருவதை வீடியோ எடுத்திருக்கிறேன். எஸ்.ஏ.ஐ. இன்னும் எடுக்கவில்லை.

டயல் கேஜ்:

0.14 என்றால் பேசுவதற்கு ஒன்றுமில்லை, ஹப் வளைந்திருக்கிறது. லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹப்பைப் பிரஸ்ஸில் வைத்து வெளியே தள்ளும்போது பேரிங் கெட்டுவிடும், அதனால் எஸ்டிமேட்டில் ஹப்போடு பேரிங்கும், ஆக்சில் நட்டும் புதிதாக இருக்க வேண்டும். நக்கிள் விஷயத்தில் ராமமூர்த்தி நகர்காரர் சொன்ன எண்களை எடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள், எப்படியும் நக்கிளைக் கழற்றத்தான் போகிறார்கள், சேர்த்து முடித்துவிட்டால் ஒரே லேபர். மாட்டும்போது சக்கரம் தரையில் படாமல் சக்கர நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக முறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சில் மேனுவல் அளவுக்கு வைக்கட்டும், ஏர் கன்னில் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்ல விடாதீர்கள். அலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் பிறகு, ஒரே ஒரு தடவை.

சர்வேயர் வரும்போது டிஸ்க் கழற்றி, கேஜ் மாட்டிய நிலையிலேயே வண்டி லிஃப்டில் நிற்கட்டும். அவரே கையால் ஹப்பைச் சுற்றி முள்ளைப் பார்க்கட்டும். எல்லாவற்றையும் மாட்டி மூடிய பிறகு வீடியோவை மட்டும் காட்டினால் "இது எந்த வண்டி" என்றுதான் முதல் கேள்வியே வரும்.