தர வரைவுக்குக் கருத்து எழுத யாராவது கைகொடுப்பீர்களா?

வணக்கம் உறவுகளே. கோண்டாவில் பக்கம் ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கு மா), மிளகாய்த்தூள் பொதி செய்து விற்கும் சில குடும்பங்கள் சேர்ந்திருக்கிறோம். பொருள்களின் தரத்தை வகுக்கும் அரச அமைப்பான இலங்கைக் கட்டளைகள் நிறுவனம், எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர நியமம்) வரைவுகளைப் பொதுமக்கள் கருத்துக்கு விடும். மாவில் ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம் என்பதெல்லாம் அந்தக் கட்டத்தில்தான் பேசவேண்டும். லேபிள் விஷயம் வேறு, அது 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வருவது. பெரிய கம்பனிகளுக்கு இதைப் பார்க்கவே ஆள் உண்டு. எங்களுக்குத் தூள் இடிக்கவே நேரம் போதாது. முற்றத்தில் பாயில் காயும் ஒடியலுக்கும் ஆலை உலர்த்திக்கும் ஒரே அளவுகோல் சரிவருமா? தரமே வேண்டாம் என்றில்லை, மண் கடிபடும் மாவை நாங்களும் வாங்கமாட்டோம்.

ஆங்கில வரைவை வாசித்து, எங்கள் பக்கத்தை முறையாக எழுதித் தர உணவு விஞ்ஞானம் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தரக் குழுக்களில் இருந்தவர்கள் என்றால் இன்னும் நல்லது. உள்பெட்டிக்கு வாருங்கள். சனி பின்னேரம் கூடுகிறோம், பிளேன்ரீ நிச்சயம்.