பழைய படகின் ஃபிரிட்ஜ்: சரிசெய்வதா, மாற்றுவதா?

டொராண்டோ பக்கம் படகு வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். எங்களுடையது 1975இல் சிங்கப்பூரில் கட்டிய கிராண்ட் பேங்க்ஸ் 32. ஃபிரிட்ஜும் கிட்டத்தட்ட அந்தக் காலத்து ஆள்தான். கம்ப்ரசர் ஓடுகிறது, குளிர்ச்சிதான் இல்லை, கேஸ் கசிந்திருக்கும் என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பது ஆர்12 என்ற பழைய குளிரூட்டும் கேஸ். ஓசோனைக் கெடுக்கிறது என்று 1995 முடிவோடு வளர்ந்த நாடுகளில் அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள், அதனால் மெக்கானிக் "புதுசு வாங்கிடுங்க" என்று முடித்துவிட்டார்.

சரி, வாங்கலாம், ஆனால் இது தேக்குப் பலகை அடைப்புக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது, இப்போது கடையில் கிடைக்கும் அளவு எதுவும் அதற்குள் போகாது, பலகையை அறுக்க எனக்கு மனசே இல்லை. பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, ஆர்134ஏ கேஸில் ஓடும் டான்ஃபாஸ் பிடி35 மாதிரி 12 வோல்ட் கம்ப்ரசரும் புது எவாப்பரேட்டரும் (பெட்டிக்குள் குளிர்விக்கும் பாகம்) மாட்டியவர்கள் உண்டா? நங்கூரம் போட்டு நிற்கும் இரவில் பேட்டரி காலைவரை தாங்குகிறதா? பெட்டிச் சுவருக்குள் குளிரைத் தக்கவைக்கும் பழைய ஃபோம் ஈரம் குடித்திருந்தால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடுமே, பெட்டியை உடைக்காமல் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டு மினி ஃபிரிட்ஜை இன்வர்ட்டரில் போடச் சொல்லாதீர்கள், அலையில் கதவு திறந்துகொண்டால் பால் தரையில் ஓடும். அளவும் படமும் கேட்டால் போடுகிறேன்.