ஆறு வயசுக்கு டி20 பகடை எதுக்கு?

மரப்பாவை:
இந்த மன்றத்துல பக்கத்து இழையில் நிழல்வாள் ஒரு தீர்ப்பு எழுதி வச்சிருக்கார். இருபது முகப் பகடையான டி20ஐ உருட்டாம குழந்தைங்க ஆடுறது, ஆளுக்கொரு பாத்திரமா கதை ஆடுற ரோல்பிளேயிங் கேமே இல்லையாம், பொம்மை விளையாட்டாம். அங்கே பதில் போட்டா "இழை திசை மாறுது"ன்னு மாடரேட்டர் வந்து நிப்பார். அதனால இங்கே.

ஆறு வயசுப் பிள்ளை கையில டி20 குடுத்தா என்ன ஆகும்னு வரிசையா சொல்றேன். உருட்டும். பகடை நின்னதும் மேல் முகம் எதுன்னு தேடும். சின்னச் சின்ன முக்கோணம், பக்கத்து மூணு முகமும் கண்ணுக்குத் தெரியும், அதுல ஒண்ணைப் படிச்சுடும். 6, 9க்கு அடியில இருக்கிற கோட்டைக் கவனிக்காது. சரியா 14னு படிச்சாலும் அதோட பாத்திரத்தோட திறமைக்கான 5ஐக் கூட்டணும், அப்புறம் வெற்றிக்குத் தேவையான 15 வந்துச்சான்னு பார்க்கணும். ஒருத்தர் முறைக்கு ஒன்றரை நிமிஷம்னா, நாலு பேர் மேசையில மறுபடி முறை வர நாலரை நிமிஷம் காத்திருக்கணும். அதுக்குள்ள ரெண்டு பேர் மேசைக்கு அடியில இருப்பாங்க.

சாதாரண ஆறு முகப் பகடையான டி6ல எண்ணே இல்ல, புள்ளி. படிக்கத் தெரியாத பிள்ளையும் எண்ணும். 4, 5, 6 விழுந்தா நினைச்சது நடக்கும். 1, 2, 3 விழுந்தா சிக்கல் வரும். ரூல் முடிஞ்சது.

நிழல்வாள்:
பாதியை வெட்டி மேற்கோள் காட்டுறது உங்களுக்குப் பழக்கம்தானே. போன மாசம் கட்டத்தாள் இழையிலயும் இதேதான் பண்ணினீங்க.

கூட்டல் பிரச்சினைன்னா கூட்டலை எடுத்துடுங்க, பகடையை ஏன் எடுக்கணும்? தேவை 15, கூட்டுற எண்ணான மாடிஃபயர் 5. ஆட்டத்துக்கு முன்னாடியே கழிச்சு, பிள்ளையோட அட்டையில "வாள்: 10"னு பெருசா எழுதி வைங்க. உருட்டினது பத்தோ அதுக்கு மேலயோ இருந்தா வெற்றி. 55 சதவீதம். பிள்ளைக்குக் கணக்கே கிடையாது. இதைக்கூட செய்யாத ஜிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) டி6 வச்சாலும் சொதப்பத்தான் செய்வார்.

1974ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற ரோல்பிளேயிங் கேம் வந்ததுலேர்ந்து இந்த வகை ஆட்டத்தோட அடையாளமே டி20தான். அந்தப் பகடையைக் கையில எடுக்கிறதுதான் பிள்ளைக்குக் கிளர்ச்சி.

மரப்பாவை:
1974ஐ இழுத்தது நீங்கதான், அதனால கேட்டுக்கோங்க. அந்த முதல் பெட்டியில சண்டைக்கு அடிப்படை, அதுக்கு முன்னாடி வந்த செயின்மெயில் போர் விதிகள். அது டி6. டி20 அட்டவணையை "மாற்று முறை"ன்னுதான் சேர்த்திருந்தாங்க. எந்த ஆயுதத்தால அடிச்சாலும் சேதம் ஒரு டி6. உயிர்ப் புள்ளியான ஹிட் பாயிண்டுக்கும் டி6. அப்போ அதை உருவாக்கின கைகாக்ஸும் ஆர்னெசனும் பொம்மை விளையாட்டா வித்தாங்க?

அட்டையில 10னு எழுதுற யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா 55 சதவீதம் வேணும்னா 4ம் அதுக்கு மேலயும்னு வச்சா டி6லயே 50 கிடைக்குது. அந்த அஞ்சு சதவீதத்தை எந்த ஆறு வயசுப் பிள்ளை உணருதுன்னு சொல்லுங்க.

சும்மாவந்தவள்:
ஒரு சந்தேகம். தலைப்புல ஆறுன்னு இருக்கு, ஆனா "குழந்தைங்க"ன்னா நீங்க ரெண்டு பேரும் எத்தனை வயசைச் சொல்றீங்க? நாலா, ஆறா, ஒன்பதா? மூணுக்கும் பதில் வேற வேற ஆச்சே.

நிழல்வாள்:
அந்த "மாற்று முறை"தான் ஜெயிச்சது. அடிப்படையா இருந்தது எங்க போச்சு? சரித்திரம் பேசினா முழுசா பேசணும்.

அப்புறம், பிள்ளைங்க சதவீதத்தை உணர மாட்டாங்க, சரி. ஆனா 20 விழுந்தா மேசையே கத்தும். அந்தத் தருணம் டி6ல வராது.

எண்விரல்:
வருமான்னு கணக்குப் போட்டுப் பார்க்கலாமே. முக்கால் மணி நேர ஆட்டத்துல ஒரு பிள்ளைக்கு எட்டு உருட்டு கிடைக்குதுன்னு வைங்க. எட்டுல ஒரு தடவையாவது 20 விழ வாய்ப்பு சுமார் 34 சதவீதம். டி6ல எட்டுக்கு ஒரு 6ஆவது விழ சுமார் 77 சதவீதம். அதாவது டி20 மேசையில மூணுல ரெண்டு பிள்ளை அந்தக் கத்தலைப் பார்க்காமலே வீட்டுக்குப் போகும்.

ஆனா மரப்பாவையோட "4, 5, 6" ரூலும் யோக்கியமில்ல. 50 சதவீதத்துல ஒரு பிள்ளை முதல் நாலு உருட்டும் தோற்க 6.25 சதவீதம். மேசையில நாலு பிள்ளை இருந்தா, அதுல யாராவது ஒருத்தருக்கு இது நடக்க கிட்டத்தட்ட 23 சதவீதம். சராசரியா நாலு ஆட்டத்துக்கு ஒரு அழுகை. ரெண்டு டி6 குடுத்துப் பெரியதை எடுத்துக்கச் சொன்னா வெற்றி 75 சதவீதம். நாலு தொடர் தோல்வி 256ல 1.

மரப்பாவை:
ரெண்டு பகடை பத்தி நான் இந்த மன்றத்துல எழுதாத நாளே இல்ல, புதுசா கண்டுபிடிச்ச மாதிரி வர்றீங்க. அதோட 1, 2, 3 விழுந்தா "தோல்வி"ன்னு நான் எழுதலை, "சிக்கல்"னு எழுதினேன். கதவு திறக்கும், ஆனா கீச்சுன்னு சத்தம் போட்டு உள்ளே தூங்குற பூதத்தை எழுப்பிடும். "ஒண்ணும் நடக்கல, அடுத்த ஆள்"ங்கிற பதில்தான் பிள்ளையை அழ வைக்கும். அது டி20 ஜிஎம்கள் வாயில சரளமா வரும்.

மத்ததையும் சொல்லிடுறேன், ஏன்னா இங்க பகடையைத் தவிர எதையும் யாரும் தொட மாட்டேங்கிறீங்க. ஹிட் பாயிண்டுக்குப் பதிலா மூணு இதய வில்லை, அடி பட்டா ஒண்ணைத் திருப்பிக் குடுக்கணும். மூணும் போனா சாவு கிடையாது, மயக்கம். நண்பன் தன் முறையைச் செலவு பண்ணி எழுப்பினா ஒரு இதயத்தோட எழும். யார் முதல்லன்னு முடிவு பண்ற இனிஷியேட்டிவ் உருட்டு வேண்டாம், உட்கார்ந்த வரிசை போதும். கேரக்டர் ஷீட் அரைத் தாள்: பேர், பிள்ளை வரைஞ்ச படம், நல்லா வர்ற ஒரு வேலை, கூட வர்ற ஒரு பிராணி. அந்த வேலையைச் செஞ்சா ரெண்டு பகடை, மத்ததுக்கு ஒண்ணு. மூணு காட்சிக்கு மேல போட்டா நாலாவதுக்குள்ள கவனம் போயிடும். பகடையை மூணு சென்டிமீட்டர் விளிம்பு உள்ள பெட்டி மூடியில உருட்டச் சொல்லுங்க, இல்லேன்னா பாதி நேரம் கட்டிலுக்கு அடியில தேடுறதுல போகும். டி6 மூடிக்குள்ள சட்டுன்னு நிக்கும். டி20 கோலிக்குண்டு மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும்.

ஏட்டுச்சுவடி:
அன்பர்களே, இருவருக்கும் இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. நான்கு திறமைகள். மிகச் சிறந்ததற்கு டி12, பிறகு டி10, டி8, டி6. எதை உருட்டினாலும் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. டி6இல் 67, டி8இல் 75, டி10இல் 80, டி12இல் 83 சதவீதம். கூட்டலும் இல்லை, ஒரே எல்லை எண்.

நிழல்வாள்:
83 சதவீதம் ஜெயிச்சா உருட்டுறதே எதுக்கு? நேரா "நீ ஜெயிச்சுட்ட"ன்னு சொல்லிட்டுப் போங்க.

மரப்பாவை:
இதுல மட்டும் நிழல்வாளோட சேர்ந்து நிக்க வேண்டியிருக்கு, காரணம் வேற. டி10ல பத்துக்குப் பதிலா 0னு அச்சடிச்சிருக்கும். பிள்ளை உச்ச எண்ணை உருட்டிட்டு "பூஜ்யம், தோத்துட்டேன்"னு முகத்தைத் தொங்கப் போடும். டி8ஐயும் டி10ஐயும் மாத்தி எடுக்கும். பகடை நிறத்துலயே அட்டையில ஸ்டிக்கர் ஒட்டினா பாதி சரியாகும். டி6ல இந்த மராமத்து எதுவுமே தேவையில்ல, அதைத்தான் முதல்லேர்ந்து சொல்றேன்.

ஏட்டுச்சுவடி:
ஸ்டிக்கர் ஒட்டுவது அவ்வளவு பெரிய மராமத்தா? ஐயா, தாங்கள் இதய வில்லை வெட்டும் நேரத்தில் நான்கு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம்.

அரைத்தூக்கம்:
நிழல்வாள் மேசையில பிள்ளைங்க தோக்காததுக்குக் காரணம் டி20 இல்ல, ஜிஎம் தன் உருட்டை மறைக்க வைக்கிற ஸ்கிரீன். பின்னாடி 3 விழும், வெளியில "ஐயோ, பதினேழு!"

நிழல்வாள்:
என் மேசையை நீங்க பார்த்தீங்களா? பிள்ளைங்க உருட்டுறது திறந்த வெளியில. பூதத்தோட உருட்டை மட்டும் மறைப்பேன். ரெண்டும் ஒண்ணு இல்ல. மூணு இதயம் உள்ள பிள்ளையைத் தொடர்ந்து மூணு தடவை பூதம் அடிச்சா என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க பார்ப்போம்.

மரப்பாவை:
பூதம் உருட்டவே உருட்டாது. பிள்ளைக்குச் சிக்கல் விழும்போது பூதம் அடிக்கும், அவ்வளவுதான். உருட்டு முழுக்கப் பிள்ளை கையில. மறைக்க ஒண்ணும் இல்லாத இடத்துல ஸ்கிரீன் எதுக்கு? டி20 ஆளுங்களுக்கு மட்டும்தான் ஒளிஞ்சுக்க இடம் தேவைப்படுது.

நிழல்வாள்:
பூதம் உருட்டாதாம். அப்போ பூதத்துக்குப் பயமே இருக்காதே. ஆட்டத்தையே இப்படிச் சுரண்டிச் சுரண்டி எடுத்தா கடைசியில மிஞ்சுறது என்ன?

எண்விரல்:
வீட்டுல மூணு வயசுக்குக் கீழே தம்பியோ தங்கையோ இருந்தா ஒரு எச்சரிக்கை. பொம்மைகளோட சிறு பாகங்களைச் சோதிக்கிற அமெரிக்க உருளையோட விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதுக்குள்ள முழுசா அடங்குறது எல்லாம் தொண்டையில அடைக்கக்கூடியது. 16 மில்லிமீட்டர் டி6, 20 மில்லிமீட்டர் டி20, ரெண்டுமே உள்ள போயிடும். அஞ்சு சென்டிமீட்டர் ஃபோம் பகடை வாங்குங்க.

மரப்பாவை:
ஃபோம்ல எளிதா கிடைக்கிறது எது? டி6.

நிழல்வாள்:
ஃபோம் டி20யும் இருக்கு. தேடத் தெரியணும்.

சும்மாவந்தவள்:
வயசு கேட்டிருந்தேன்.

மரப்பாவை:
நிழல்வாள், அந்த ஃபோம் டி20ஐ மூடிக்குள்ள உருட்டிப் பாருங்க. முகம் சின்னது, ஃபோம் மழுங்கினா விளிம்புல சாய்ஞ்சு நிக்கும், 8ஆ 16ஆன்னு பிள்ளைங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சண்டை போடும். டி6 மழுங்கினாலும் தட்டையாத்தான் உட்காரும்.

நிழல்வாள்:
8க்குப் பக்கத்துல 16 இருக்கிறது எண் அடுக்கைப் பொறுத்தது. அதுக்குத் தனி இழை போட்டு மூணு வருஷமாச்சு, அங்கே நீங்க ஒரு பதிலும் போடலை. முதல்ல அதைப் படிச்சுட்டு வாங்க.