மாமனாரோடு உள்ளூர் கோப்பை ஆட்டம் பார்க்கப் போகிறோம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

லண்டன் டூட்டிங் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இம்பீரியல் ஃபீல்ட்ஸ் மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்தின் பெரிய கால்பந்துக் கோப்பை) தகுதிச் சுற்று ஆட்டம் பார்த்திருக்கிறீர்களா? ஊரிலிருந்து மாமனார் வந்திருக்கிறார், கால்பந்து என்றால் உயிர். பிரீமியர் லீக் டிக்கெட் விலையைப் பார்த்ததும் தலை சுற்றியது, அதனால் அந்த மைதானத்தின் உள்ளூர் குழுவான டூட்டிங் அண்ட் மிட்சம் ஆட்டத்துக்கு அவரையும் ஒன்பது வயது மகனையும் கூட்டிப்போகலாம் என்று நினைக்கிறேன். 1959-ல் இதே குழு எஃப்.ஏ. கோப்பை மூன்றாவது சுற்றில் பெரிய குழுவான நாட்டிங்காம் ஃபாரஸ்டை 2-2 என்று நிறுத்தியதையும், மறு ஆட்டத்தில் தப்பிய ஃபாரஸ்ட் அந்த வருடம் கோப்பையையே தூக்கியதையும் சொன்னதிலிருந்து மனுஷன் தினமும் "எப்போ போறோம் மாப்பிள்ளை?" என்கிறார்.

வாசலில் காசு வாங்குவார்களா, கார்டு மட்டும்தானா? அவருக்கு முழங்கால் வலி, தொண்ணூறு நிமிடம் நிற்க முடியாது, கூரைக்குக் கீழே இருக்கையில் இடம் கிடைக்க எவ்வளவு முன்னால் போக வேண்டும்? இடைவேளையில் ரசிகர்கள் தங்கள் அணி கோல் அடிக்கப்போகும் பக்கத்துக்கு நடந்து போவார்களாமே, கோப்பை ஆட்டத்திலும் அப்படி விடுவார்களா? (பையனுக்கு அதுதான் பெரிய ஆசை.)

அப்புறம் மழை. போன வருடம் வேறொரு மைதானத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய், தண்ணீர் தேங்கியதால் ஆட்டம் இல்லை என்று பூட்டிய கேட்டில்தான் தெரிந்தது. அன்று காலையிலேயே உறுதியாகத் தெரிந்துகொள்ள எங்கே பார்ப்பீர்கள்?